சீட்டில் இருப்பது ஒன்று, வீட்டில் நடப்பது ஒன்று

நாளைக் காலை ரத்தப் பரிசோதனை. "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அறுபதைக் கடந்த ஓர் அம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள். விடிவதற்கு முன்பே எழுந்துவிடுகிறார். தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படவில்லை. ஆனால் சர்க்கரை நோய்க்கான காலை மாத்திரையை மட்டும் மறக்காமல் போட்டுக்கொள்கிறார். தினமும் போடுவதுதானே, இன்றைக்கு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே. முதல் பஸ்ஸைப் பிடித்து, இறங்கி நடந்து, வரிசையில் உட்கார்ந்து, பெயர் கூப்பிடும் நேரம் வரும்போது மணி பத்து. அதற்குள் உள்ளங்கை வியர்க்கிறது. விரல்கள் நடுங்குகின்றன. எதிரே இருப்பவரின் முகம் மங்கலாகத் தெரிகிறது. அலைந்து வந்த களைப்பு என்று நினைத்துச் சுவரில் சாய்ந்துகொள்கிறார்.

அது களைப்பல்ல, ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி, சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினைச் சுரக்க வைக்கின்றன. வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அந்த மாத்திரைக்குத் தெரியாது. "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்பது சரியான அறிவுரை. "தினமும் காலையில் மாத்திரை போடுங்கள்" என்பதும் சரியான அறிவுரை. அந்த அம்மா இரண்டையும் அப்படியே கடைப்பிடித்தார். இரண்டும் ஒரே நாளில் சந்தித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் ஒருவரும் சொல்லவில்லை. "மாத்திரையைக் கையோடு எடுத்து வாருங்கள், ரத்தம் கொடுத்துவிட்டுச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும்.

இப்படி நடப்பதற்கெல்லாம் 'நோயாளி சொன்னதைக் கேட்பதில்லை' என்று பெயர் வைத்துவிடுகிறோம். இந்தக் கட்டுரை எழுதக் காரணமே அந்தப் பெயர்தான். கேட்காமல் போகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் கேட்டும் புரியாதவர்களும், புரிந்தும் தங்கள் வாழ்க்கையில் அதைப் பொருத்த முடியாதவர்களும் அவர்களைவிட அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

சுகாதார எழுத்தறிவு என்ற சொல் 1974ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிவது மட்டுமல்ல அது. உடம்பைப் பற்றிய ஒரு தகவலைத் தேடிப் பெறுவது, விளங்கிக்கொள்வது, நம்பத் தகுந்ததா என்று எடைபோடுவது, தன் அன்றாடத்தில் நடைமுறைப்படுத்துவது எல்லாம் சேர்ந்ததுதான். பட்டப்படிப்பு படித்தவரும் பரிசோதனை அறிக்கையைப் புரட்டிப் பார்த்து விழிப்பதுண்டு. பள்ளிக்கூடமே போகாத ஒருவர், எந்த மாத்திரை எதற்கு என்று விரல் விட்டுச் சொல்வதும் உண்டு.

வாசிப்பதற்கும் விளங்கிக்கொள்வதற்கும் எவ்வளவு தூரம் என்பதை 2006இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 395 நோயாளிகளிடம் மருந்துச் சீட்டுகளைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று: 'இரண்டு மாத்திரை, தினம் இரண்டு வேளை.' வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் பத்தில் ஏழு பேர் அதன் பொருளைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை போடுவீர்கள், எடுத்துக் காட்டுங்கள்" என்று கேட்டபோது நான்கை எண்ணிக் காட்டியவர்கள் சுமார் 35 சதவீதம் மட்டுமே. சீட்டை வாசிக்கத் தெரிந்தவர்களிலேயே பாதிப் பேர் அங்கே நழுவிவிட்டார்கள். 'புரிந்ததா?' என்று கேட்டால் எல்லாரும் 'புரிந்தது' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சர்க்கரை நோய்க்கு இது மிகவும் பொருந்துவதற்குக் காரணம் இருக்கிறது. வேறு பல நோய்களில் மருத்துவர் சிகிச்சை செய்கிறார், நோயாளி அதைப் பெறுகிறார். இங்கே அப்படியில்லை. ஆண்டுக்கு நான்கு முறை மருத்துவரைப் பார்க்கிறார், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 நிமிடம். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். மீதி நேரம் முழுவதும் தன் நோய்க்குத் தானே மருத்துவராக அவர் இருந்தாக வேண்டும். எதைச் சாப்பிடுவது, எவ்வளவு, வேலை கூடினால் என்ன செய்வது, மாத்திரை தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முடிவுகள். நகரத்தில் இருப்பவர் சந்தேகம் வந்தால் தெருமுனை மருந்துக் கடையில் கேட்டுவிடுவார். கிராமத்தில் இருப்பவருக்கு ஒரு சந்தேகத்தைக் கேட்டு வர ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் கேட்காமலே விட்டுவிடுகிறார்.

சொற்களிலேயே தொடங்கும் குழப்பம்

நோயின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 'நீரிழிவு' என்பது பழைய, அழகான சொல். நீர் அதிகமாகக் கழிவதைப் பார்த்து வைத்த பெயர். ஆனால் வழக்கத்தில் நிலைத்தது 'சர்க்கரை நோய்' அல்லது வெறும் 'சுகர்'. அந்தப் பெயர் ஒரு தவறான பாடத்தைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது: இனிப்பைத் தொடாதவரை ஆபத்தில்லை. இனிப்பை அறவே விட்டுவிட்டு, தட்டு நிறைய மாவுச்சத்தை மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, 'நான்தான் சர்க்கரையே சேர்ப்பதில்லையே, பிறகு எப்படி ஏறுகிறது?' என்று உண்மையாகவே திகைப்பவர்கள் ஏராளம். அவர்கள் பொய் சொல்லவில்லை. தானியமும் கிழங்கும் வயிற்றில் செரித்து குளுக்கோஸாகத்தான் மாறுகின்றன என்பதை யாரும் அவர்களுக்கு விளக்கவில்லை.

அடுத்தது 'கட்டுப்பாட்டில் இருக்கிறது' என்ற வாக்கியம். மருத்துவர் பாராட்டாகத்தான் சொல்கிறார். கேட்பவர் காதில் அது 'குணமாகிவிட்டது' என்று விழுகிறது. காய்ச்சல் விட்டால் மாத்திரையை நிறுத்துவதுதானே வழக்கம்? இதையும் நிறுத்திவிடுகிறார். 'பத்தியம்' என்ற சொல்லும் இப்படித்தான். பத்தியம் என்றால் சில நாள் வாயைக் கட்டிவிட்டு, பிறகு பழையபடி சாப்பிடுவது. வாழ்நாள் முழுவதற்குமான சாப்பாட்டு மாற்றத்தை அந்தச் சொல்லால் குறித்தால், எப்போது முடியும் என்ற கேள்வியோடுதான் அவர் அதைத் தொடங்குவார். "இந்த அளவு நன்றாக இருப்பதற்குக் காரணமே நீங்கள் போடும் மாத்திரையும் சாப்பாட்டில் செய்த மாற்றமும்தான், விட்டால் மறுபடி ஏறும்" என்று முழு வாக்கியமாகச் சொல்ல அரை நிமிடம் போதும்.

எண்கள் இன்னொரு காடு. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. சாப்பாட்டுக்குப் பின் வேறு எண். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனையில் 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு. ஒருவருக்கு ஒரு நாள் '150' என்கிறார்கள், மறுநாள் '7' என்கிறார்கள். 150இலிருந்து 7க்கு இறங்கிவிட்டது என்று மகிழ்ச்சியோடு வீடு திரும்பினால் யாரைக் குறை சொல்வது? உண்மையில் அந்த இரண்டு எண்களும் ஏறக்குறைய ஒன்றையே சொல்கின்றன: எச்பிஏ1சி 7 சதவீதம் என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 154.

இந்த மூன்று மாதச் சோதனையை விளக்குவது கடினமே அல்ல. ரத்தத்தின் சிவப்பணு ஒவ்வொன்றும் சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு அதிகமாக ஓடுகிறதோ அவ்வளவு அதிகமாக அது சிவப்பணுவில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது போகாது. ஆகவே பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாள் மட்டும் வாயைக் கட்டினால் வெறும் வயிற்று அளவு நன்றாக வரலாம். மூன்று மாதக் கணக்கு மாறாது. இதை மிரட்டலாகச் சொல்லக் கூடாது என்பது என் கருத்து. திட்டு வாங்கிவிடுவோமோ என்ற பயத்தில்தான் பலர் அந்த இரண்டு நாள் பட்டினியே கிடக்கிறார்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ரத்தசோகை இருந்தால் இந்தச் சோதனை தவறான கணக்கைக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவில் அளவு உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியக்கூடும். ரத்தசோகை அதிகமுள்ள ஊர்களில் ஒரே எண்ணை நம்பி மாத்திரையைக் கூட்டுவது சரியாகாது.

வலிக்காத நோய்

முள் குத்தினால் காலைத் தூக்கிப் பார்ப்போம். அதுதான் இயல்பு. பல ஆண்டுச் சர்க்கரையால் பாத நரம்புகள் மரத்துப்போனவருக்கு முள் குத்தியதே தெரியாது. நாள் முழுவதும் வயலில் நடந்துவிட்டு வீடு வருகிறார். முள் உள்ளேயே இருக்கிறது. மூன்றாம் நாள் வீக்கம், ஐந்தாம் நாள் நாற்றம். அப்போதும் வலியில்லை. வலியில்லாததால் வேலைக்குப் போகிறார். விரலை எடுக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லும்போது, "வலியே இல்லையே, எதற்கு?" என்று கேட்பார். அவர் அதுவரை வாழ்ந்து கற்ற அனுபவத்தின்படி அந்தக் கேள்வி முழுக்க நியாயமானது. வலி இல்லையென்றால் ஆபத்து இல்லை என்ற அந்த அனுபவத்தைத்தான் இந்த நோய் பொய்யாக்குகிறது. இதை அவரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

'பாதத்தைப் பராமரியுங்கள்' என்று அச்சடித்த தாள் கொடுத்தால் போதாது. தினமும் இரவு படுக்கும் முன் இரண்டு உள்ளங்காலையும் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பது, குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, பார்வை மங்கியிருந்தால் பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்வது. செருப்பைப் போடும் முன் உதறுவது. மரத்த காலை வெந்நீரில் வைக்காமல் இருப்பது. இவ்வளவுதான். சொல்லும்போதே அவர் காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் மறக்கமாட்டார். பத்து கிராம் அழுத்தம் தரும் மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, "தொடுவது தெரிகிறதா?" என்று கேட்கும் சோதனை ஒன்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு, தெரியவில்லை என்று தன் வாயாலேயே சொல்லும் அந்த நொடியில் அவர் கற்றுக்கொள்வதை எந்தத் துண்டுப் பிரசுரமும் கற்றுத்தராது.

கண்ணும் அப்படியே. விழித்திரை பாதிக்கப்பட்டுப் பார்வை மங்கும் வரை எந்த அறிகுறியும் தெரியாமல் போகலாம். இரண்டாம் வகை நீரிழிவு, கண்டுபிடிக்கப்படும் முன்பே சில ஆண்டுகள் உடம்பில் இருந்திருக்கும் என்பதால் தெரிந்த உடனேயே ஒருமுறையும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் கண்ணைப் பார்க்க வேண்டும். சிறுநீரகத்துக்குச் சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். 2024ஆம் ஆண்டுக்கான பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பின் கணக்குப்படி உலகில் 58.9 கோடிப் பெரியவர்களுக்கு நீரிழிவு; ஐந்தில் நான்கு பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் இருக்கிறார்கள்; பத்தில் நான்கு பேருக்குமேல் தங்களுக்கு இருப்பதே தெரியாது. சத்தமில்லாமல் வரும் நோய்க்கு வேறென்ன நடக்கும்?

கட்டுப்பாடு பலன் தருமா என்று கேட்டால், தரும் என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. பிரிட்டனில் 1977இல் தொடங்கி 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வில், எச்பிஏ1சி சராசரியாக 7.9 இருந்தவர்களைவிட 7.0 இருந்தவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற நுண்ணிய ரத்தக் குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைவு. ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசம் அது. "உங்கள் அளவு 9இலிருந்து 8.2க்கு வந்திருக்கிறது" என்று கேட்டு முகம் சுருங்குபவரிடம் இதைச் சொல்ல வேண்டும்.

முதலில் சொல்ல வேண்டியது தாழ்சர்க்கரை

எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிட முடியாது. எதை முதலில் சொல்வது என்று கேட்டால், இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியாவோ எடுப்பவருக்கு, தாழ்சர்க்கரையைத்தான் என்பேன். உயர்ந்த சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கெடுக்கும், தாழ்ந்த சர்க்கரை அரை மணியில் சாய்த்துவிடும். மெட்ஃபார்மின் என்ற வேறு வகை மாத்திரையை மட்டும் எடுப்பவருக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. அதைச் சொன்னால் வீண் பயமும் குறையும்.

கிராமத்து வேலைக்கு ஒரே சீரான நாள் கிடையாது. நடவு, அறுவடை நாட்களில் உடம்பு இரண்டு மடங்கு உழைக்கிறது, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போகிறது. வேலையில்லாத மாதங்களில் உட்கார்ந்தே இருக்கிறார். மாத்திரை அளவோ ஆண்டு முழுவதும் ஒன்றே. உழைக்கும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொள்ளும் என்பதால் அறுவடை நாளின் நண்பகலில் தலை சுற்றுகிறது. வெயில் என்று நினைக்கிறார்கள். வேலை கூடும் காலம் வரும் முன்பே மருத்துவரிடம் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளலாம் என்பது தெரிந்திருக்க வேண்டும்; தானாகக் குறைப்பதோ நிறுத்துவதோ கூடாது.

வியர்வை, நடுக்கம், படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல்: இவைதான் தாழ்சர்க்கரையின் அறிகுறிகள். சர்க்கரை பார்க்கும் கருவி இருந்தால் 70க்குக் கீழே காட்டும். கருவி இல்லாவிட்டால் காத்திருக்க வேண்டாம்: மூன்று நான்கு தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடம் உட்கார வேண்டும். தீராவிட்டால் மறுபடி. தெளிந்த பிறகு சாப்பாடு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறிவிடும், உடனே மருத்துவமனைதான். மாத்திரையால் வந்த தாழ்சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடியும் வரலாம் என்பதால், தெளிந்துவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. இவ்வளவையும் நோயாளியிடம் மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் அவருக்கு யோசனை ஓடாது. வீட்டில் இருப்பவருக்கும், கூட வேலை செய்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்சுலினைப் பற்றி ஒரு பயம் எங்கும் இருக்கிறது: ஊசி போட்டால் நோய் முற்றிவிட்டது. பல ஆண்டுகளில் கணையம் மெல்ல மெல்ல ஓய்ந்துவருவதால்தான் ஊசி தேவைப்படுகிறது; 'நீங்கள் கேட்காததால் ஊசி' என்று தண்டனையாகச் சொல்பவர்கள் அந்தப் பயத்தை வளர்க்கிறார்கள். நடைமுறையில் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு, 100 அலகு என்று வெவ்வேறு செறிவுகளில் கிடைக்கிறது. சிரிஞ்சும் அதற்கேற்ப வேறு. 100 அலகு மருந்தை 40 அலகு சிரிஞ்சில் எடுத்தால் கோடு ஒன்றுதான், உள்ளே போவது இரண்டரை மடங்கு. குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து இரண்டு எண்ணும் ஒன்றா என்று பார்க்கும் பழக்கத்தைக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாததாலேயே ஊசியை மறுப்பவர்களும் உண்டு. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும் என்பது விதி. உறைந்துபோனால் அதைப் பயன்படுத்தக் கூடாது. திறந்ததைப் பெரும்பாலான வகைகளில் சுமார் நான்கு வாரம், வெயில் படாமல் அறையிலேயே வைக்கலாம். வெப்ப நாடுகளில் அறை எவ்வளவு சூடாக இருக்கும் என்ற கேள்வி நெடுநாள் இருந்தது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவா பல்கலைக்கழகமும் சேர்ந்து, கென்யாவின் டகஹாலி அகதி முகாமில் பகலில் 37, இரவில் 25 டிகிரி என ஏறி இறங்கும் வெப்பத்தை அளந்து, அதேபோல் ஆய்வகத்தில் நான்கு வாரம் இன்சுலினை வைத்துச் சோதித்தன. வீரியம் குறையவில்லை என்று 2021இல் முடிவு வெளியானது. ஊசிக்காகத் தினமும் நடந்து வர வேண்டியிருந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி!

"எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்"

மருத்துவர் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனேயே மறந்துபோகிறது என்று 2003இல் வெளியான ஒரு மீளாய்வு தொகுத்துச் சொன்னது. நினைவில் நின்றதிலும் ஏறத்தாழ பாதி தவறாக நிற்கிறது. அதே ஆண்டு சான்பிரான்சிஸ்கோவில் நீரிழிவு நோயாளிகளை மருத்துவர்கள் பார்ப்பதை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தார்கள். புதிதாகச் சொன்ன விஷயங்களில் 12 சதவீதத்தை மட்டுமே நோயாளி எப்படிப் புரிந்துகொண்டார் என்று மருத்துவர்கள் கேட்டுச் சரிபார்த்திருந்தார்கள். சரிபார்க்கும் மருத்துவர்களிடம் போனவர்களின் சர்க்கரை அளவு நல்ல நிலையில் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

சரிபார்ப்பது என்றால் பரீட்சை வைப்பதல்ல. செவிலியர் இப்படிக் கேட்கலாம்: "அம்மா, நான் தெளிவாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும். வீட்டுக்குப் போனதும் உங்கள் மகள் கேட்டால் இந்த மாத்திரையைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" தவறாகச் சொன்னால், "நான்தான் சரியாகச் சொல்லவில்லை, இன்னொரு தடவை சொல்கிறேன்" என்று பொறுப்பைத் தன் மேல் எடுத்துக்கொள்கிறார். படிக்கத் தெரியாததை மறைப்பவர்களுக்கு இது மிக முக்கியம். "கண்ணாடியைக் கொண்டுவரவில்லை, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்பவரின் குரலில் இருக்கும் கூச்சத்தைக் கவனித்திருக்கிறீர்களா? யாருக்குப் படிக்கத் தெரியும் என்று தேடிக்கொண்டிருக்காமல், எல்லாரிடமும் எளிமையாகப் பேசி, எல்லாரிடமும் திருப்பிக் கேட்டுவிடுவதே மரியாதை.

அந்த வேலைக்கு மருத்துவரைவிடக் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர் பொருத்தமானவர். வீட்டுக்குள் வருகிறார்; அடுப்படியைப் பார்க்கிறார்; எந்தக் கரண்டியால் எத்தனை முறை பரிமாறுகிறார்கள் என்று கண்ணால் காண்கிறார். கிராம் கணக்கு அங்கே செல்லாது. அந்த வீட்டுக் கரண்டியில் ஒன்று குறைக்கலாம் என்றால் செல்லும். சமைப்பவரை விட்டுவிட்டுச் சாப்பிடுபவரிடம் மட்டும் உணவுப் பாடம் நடத்துவது வீண் என்பதும் அங்கேதான் புரியும். ஐந்தாறு ஆண்டுகளாக நோயோடு வாழும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், "நானும் முதலில் பயந்தேன்" என்று சொன்னால் அதற்குத் தனி எடை உண்டு. கைபேசி உதவும், எழுத்துச் செய்தியைவிடக் குரல் செய்தி நன்றாக உதவும். ஆனால் கைபேசி பகலெல்லாம் மகனிடம் இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். பட அட்டைகளையும், அச்சடிக்கும் முன் நான்கு பேரிடம் காட்டி "இது என்ன?" என்று கேட்டுவிடுவது நல்லது. வரைந்தவருக்கு உதய சூரியனாகத் தெரிவது பார்ப்பவருக்கு மாலைச் சூரியனாகத் தெரியலாம்.

எளிதாக நாளைக்கே தொடங்கக்கூடிய ஒன்று உண்டு. அடுத்த முறை வரும்போது வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வது. பையைக் கொட்டினால் ஒரே மருந்து வெள்ளை மாத்திரையாக ஒன்றும், வேறு நிறுவனத்தின் மஞ்சள் மாத்திரையாக இன்னொன்றும் கிடக்கும். நிறம் வேறு என்பதால் இரண்டையும் போட்டுக்கொண்டிருப்பார். போன ஆண்டே நிறுத்தச் சொன்னதும் இருக்கும். பக்கத்து வீட்டார் 'எனக்கு நன்றாகக் கேட்டது' என்று கொடுத்ததும் இருக்கும். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது எதற்கு, எப்போது போடுகிறீர்கள் ஐயா?" என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும்.